பேத்தியை ஸ்கீ முகாமுக்கு அனுப்புங்கள், முதலில் நிற்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில் பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். சுவிஸில் பேர்ன் நகரில் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பேத்தியைப் பாடசாலையிலிருந்து ஒரு வாரம் ஸ்கீ முகாமுக்கு, அதாவது காலில் பலகை மாட்டிப் பனியில் சறுக்கப் பழக்கும் முகாமுக்கு, கூட்டிப் போகிறார்களாம். மகன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். பனி மலையில் விழுந்து காலை உடைத்துக்கொள்ளத்தானா பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோனோம் என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை துருதுருக்கிறது. இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் மன்னிக்க வேண்டும். வெட்டினால் நடுவில் வெட்டாதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். 1995இல் சுவிஸுக்குப் போய் பதினைந்து வருடத்துக்கு மேல் பேர்னுக்குத் தெற்கே மலைப் பகுதியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் மரக்கறி வெட்டினேன், கடைசியில் சூப்பும் சோஸும் என் கையில் இருந்தன. இப்போது ஊரில் சிறியதாக ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கடைச் சுவரில் ஆணியடித்து ஒரு ஜோடி பழைய ஸ்கீப் பலகை மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பாதிப் பேர் அதைக் கதவு நிலை என்று நினைக்கிறார்கள்.

முதலில் ஒன்று. அந்த ஊர் மலைகளைப் பற்றி நாம் மனதில் கட்டி வைத்திருக்கும் பயம் கொஞ்சம் கூடுதல். நான் இருந்த பகுதியில் வெங்கன் என்று ஒரு கிராமம், உயரம் 1,274 மீற்றர். தலவாக்கலையும் ஏறத்தாழ 1,200 மீற்றர்தான். நுவரெலியா 1,868. வெங்கனுக்கு மேலே ரயிலில் ஏறிப் போனால் கிளைனே ஷைடெக் என்ற கணவாய் வரும், 2,061 மீற்றர். நம் பிதுருதலாகலை 2,524. அவர்களுடைய ஸ்கீப் பாதைகளில் பெரும்பகுதி நம் பிதுருதலாகலை உச்சியைவிடத் தாழ்வில் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை தள்ளி இருப்பதால் நமக்குக் கிடைப்பதெல்லாம் தை, மாசியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி மட்டும். மற்றபடி ஏற்றமும் இறக்கமும் நமக்குப் புதிதல்ல. நடக்கப் பழகியதே சரிவில்தான்.

ஆனால் சரிவில் பிறந்ததால் சறுக்கத் தெரியும் என்று நினைத்து நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் புல் சரிவில் உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து விடுவோம். சாக்கு போகும், நாங்களும் போவோம். நிறுத்துவது கீழே ஓடும் கானின், அதாவது வாய்க்காலின், வேலை. என் நாடியில் இருக்கும் தழும்பு அந்தக் கானில் வாங்கியது. அதே புத்தியோடு, சுவிஸில் என் இரண்டாவது குளிர்காலத்தில், கூட வேலை செய்த ஒருவனின் பலகைகளை இரவல் வாங்கிக்கொண்டு, ஒரு பாடமும் படிக்காமல் சிவப்புப் பாதையில் ஏறிவிட்டேன். அங்கே பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சிவப்பு என்று தெரிந்தே போனேன். ஐம்பது மீற்றர் போயிருப்பேன். பயத்தில் பின்பக்கம் சாய்ந்தேன், பலகையின் முன்நுனி இரண்டும் பாரமில்லாமல் மிதந்தன, அவ்வளவுதான். கைக்கோலைப் பிடித்தபடியே விழுந்ததில் வலது கைப் பெருவிரலின் தசைநார் கிழிந்தது. ஆறு வாரம் கத்தி பிடிக்க முடியவில்லை. அந்த ஆறு வாரமும் முதலாளி என்னைக் கீரை கழுவ விட்டார், சம்பளத்திலும் கைவைத்தார். அது வேறு கதை.

எனக்குப் பழக்கியது ஒரு கிழவி. அறுபத்தேழு வயது. நாற்பது வருடம் ஸ்கீ பழக்கிவிட்டு ஓய்ந்திருந்தவர். மத்தியானம் குசினிப் பின்வாசலுக்கு வந்து சூப் கேட்பார். நான் கட்டுப்போட்ட பெருவிரலோடு கரண்டி பிடிப்பதைப் பார்த்துவிட்டு, எந்தப் பாதையில் விழுந்தாய் என்று கேட்டார். சொன்னேன். விழுந்தது சரி, எப்படி நிற்பது என்று தெரியுமா என்றார். தெரியாது. விரல் ஆறியதும் வா, சூப்புக்கு ஈடு என்றார்.

முதல் நாள் பிற்பகல் முழுவதும் கைக்கோல் தரவில்லை. வெங்காயத் தோட்டம்போல் சமமாக, கடைசியில் தானாகவே நின்றுவிடும் ஒரு சரிவு. அதில் பத்தடிக்கு ஒன்றாகத் தன் கையுறை, என் கையுறை, தொப்பி, கழுத்துச் சால்வை என்று வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். தாண்டினால் திரும்ப மேலே. ஏறுவதற்கு லிப்ட் கிடையாது. பலகையைக் காலில் மாட்டியபடியே பக்கவாட்டில் படி படியாக ஏற வேண்டும். நிற்கும் முறைக்கு ஜெர்மன் மொழியில் கலப்பை என்று பெயர். முன்நுனி இரண்டையும் நெருக்கி, குதிகால் பக்கம் இரண்டையும் வெளியே தள்ளினால் பலகைகள் கலப்பைபோல முக்கோணமாகும். உள்விளிம்பு பனியில் கடிக்கும், வேகம் குறையும். சின்னப் பிள்ளைகளுக்கு அதையே பீட்சா என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பலகையை நேராக விடுவதற்கு உருளைக்கிழங்குப் பொரியல் என்று பெயர். மேலிருந்து ஆசிரியர் பீட்சா, பீட்சா என்று கத்துவதைக் கேட்டு முதல் நாள் நான் யாருக்கோ பசி என்று நினைத்தேன்.

பேத்தியை முகாமில் முதல் நாள் பழக்குவதும் இதைத்தான். பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த நாளை யாரும் பிள்ளையிடமிருந்து பறிக்காமல் இருந்தால் போதும். கூட்டாளிகள் மேலே போகிறார்கள் என்று அவசரப்பட்டு இரண்டாம் நாளே நீலத்தைத் தாண்டுகிற பிள்ளைதான் விழும்.

அடுத்த பயிற்சி எனக்கு உடனே பிடிபட்டது, காரணம் என் தொழில். கைக்கோல் இரண்டையும் சேர்த்து, குறுக்கே, நெஞ்சுக்கு முன்னால், தட்டு பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தட்டில் சூப் இருக்கிறது, சிந்தக் கூடாது. ஹோட்டலில் வேலை செய்தவனுக்கு வேறு விளக்கம் எதற்கு. கை பின்னால் போனால் உடல் பின்னால் போகும். உடல் பின்னால் போனால் நான் சிவப்புப் பாதையில் கண்டதுதான். சப்பாத்தின் முன்பக்க நாக்கில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு எப்போதும் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். இரவு சப்பாத்தைக் கழற்றினால் அந்த இடம் சிவந்திருந்தால் அன்று ஒழுங்காகப் பழகினாய் என்பார் கிழவி. கெண்டைக்கால் சிவந்திருந்தால் அடுத்த நாள் திரும்பவும் கையுறை வரிசை.

இப்போது நடு விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும்போது பாரம் வெளிக்காலில் இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப வலது காலை அழுத்த வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்ய ஒரு மாதம். காரணம், சரிவில் குறுக்கே நிற்கும்போது பயம் நம்மை மலைப் பக்கம் சாய்க்கும். மலைதானே பிடிமானம் என்று உடல் நினைக்கிறது. சாய்ந்த உடனே கீழ்க்காலின், அதாவது சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் அந்த வெளிக்காலின், பலகை விளிம்பு பிடி விட்டுவிடும், பலகை வழுகும். இதைக் கிழவி சொன்னபோது நான் பனியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்றார்.

என் அம்மா முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர். மழைக் காலத்தில் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, முதுகில் நிறை கூடை, வெறுங்கால், செம்மண் சேறு, செங்குத்தான மலை. அம்மா நேராக இறங்க மாட்டார். பக்கவாட்டில் திரும்பி, கீழ்க்காலைக் குறுக்கே வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாரத்தை அந்தக் காலிலே ஏற்றிவிட்டு, அப்புறம்தான் மேல் காலை எடுப்பார். முகம் மட்டும் எப்போதும் கீழே பார்த்தபடி. நான் பின்னால் பயந்து பயந்து மலைப் பக்கம் கை ஊன்றிக்கொண்டு வருவேன். திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "மலைப் பக்கம் சாயாதடா, சாஞ்சா காலு வழுக்கும்." கால்கள் குறுக்கே, நெஞ்சு கீழ்நோக்கி, பாரம் கீழ்க்காலில். பிராங்குக் கணக்கில் காசு வாங்கி அங்கே பழக்குகிற பாடத்தை அம்மா பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகிற வழியில் இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குத்தான் காலுக்கு ஏறவில்லை.

கிழவிக்கு என் அரைகுறை ஜெர்மனில் இதைச் சொன்னேன். உன் அம்மாவைக் கூட்டி வந்திருக்கலாமே, உனக்குப் பதிலாக, என்றார்.

அதற்கான பயிற்சி இது. சரிவில் குறுக்கே மெல்லப் போகும்போது மேல் பலகையைப் பனியிலிருந்து ஓர் அங்குலம் தூக்க வேண்டும். தூக்கி, மூன்று எண்ணி, வைக்க வேண்டும். பாரம் கீழ்க்காலில் இல்லாவிட்டால் தூக்கவே முடியாது, பொய் சொல்ல வழியில்லாத பயிற்சி. அது வந்த பிறகு திருப்பத்தின் நடுவில் உள்பலகையின் பின்பக்கத்தைத் தூக்குவது. அப்புறம் சின்னச் சின்ன அடியாக, குழந்தை நடப்பதுபோல், திருப்பம் முழுவதும் காலை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டே போவது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

பக்கவாட்டில் வழுகும் பயிற்சியைப் பலர் சலிப்பென்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு பிள்ளைக்கு இது ஒன்றைத்தான் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து நில்லுங்கள். மேல் விளிம்பு கடித்துக்கொண்டிருக்கும், அசைய மாட்டீர்கள். முழங்கால்களை மெல்லக் கீழ்ப்பக்கம் தளர்த்தினால் பலகை தட்டையாகும், அப்படியே கீழே வழுகத் தொடங்கும். கெட்டிப் பனியாக இருந்தால் தேங்காய் துருவும் சத்தம் வரும். முழங்கால்களைத் திரும்ப மலைப் பக்கம் கொண்டுவந்தால் சத்தம் நின்றுவிடும், நீங்களும் நின்றுவிடுவீர்கள். விடு, பிடி, விடு, பிடி. பிறகு வழுகும்போதே பாரத்தைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் முன்பக்கமாகவும், பின்னால் கொடுத்தால் பின்பக்கமாகவும் போகும், சருகு காற்றில் ஆடி ஆடி இறங்குவதுபோல். அதன் பெயரே உதிரும் இலைதான். இது தெரிந்த பிள்ளை தவறிப்போய்க் கறுப்புப் பாதையில் மாட்டிக்கொண்டாலும் அழாமல் கீழே வந்து சேரும். அழகாக வராது, ஆனால் முழுசாக வரும்.

வேகத்தை அடக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். கலப்பையை எந்நேரமும் அழுத்திக்கொண்டு இறங்கினால் தொடை எரியும், செங்குத்தில் அது பிடிக்கவும் பிடிக்காது. நம் இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பி வருகிற லொறி மாதிரி. நுவரெலியாவுக்கு ஏறும் ராம்பொடை வீதியைப் போட்டவர்கள் ஏன் அதை அப்படி வளைத்து வளைத்துப் போட்டார்கள்? நேராகப் போட்டால் எந்த வண்டியும் ஏறாது, இறங்கவும் முடியாது. ஸ்கீக்காரன் போகப் போகத் தன் வீதியைத் தானே வெட்டிக்கொண்டு போகிறான். திருப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் வீதி நேராகிவிடும், வேகம் ஏறிவிடும். திருப்பத்தை முடித்து, பலகை மூக்கு கொஞ்சம் மேட்டுப் பக்கம் பார்க்கும் வரை பொறுத்தால் வேகம் தானே இறங்கும். இதைப் பழக ஒரே ஒரு திருப்பம் எடுத்து, மேட்டுப் பக்கம் ஏறி, தானாக நிற்கும் வரை விடுவது. வலம் ஒரு முறை, இடம் ஒரு முறை. எல்லோருக்கும் ஒரு நல்ல பக்கமும் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. கெட்ட பக்கத்துக்கு இரட்டிப்பு முறை கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் நேர்மாறாகச் செய்வார்கள், வருகிற பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்து மகிழ்வார்கள். நானும்தான்.

(இந்த இடத்தில் ஒரு மூக்கு நுழைப்பு. பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்கம் இறங்கும் த்ரீவீல் தம்பிமார் இதைப் படித்தால், கிழவி உங்களைக் கையுறை வரிசைக்கு அனுப்பியிருப்பார்.)

ஜனவரி மாதத்தில் வெங்கனில் லோபர்ஹோர்ன் என்ற ஸ்கீப் போட்டி நடக்கும். 1930இலிருந்து நடக்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றரை இரண்டரை நிமிடத்தில் இறங்குகிறார்கள், ஓரிடத்தில் வேகம் மணிக்கு 150 கிலோமீற்றரைத் தொடும். அந்த வாரம் ஹோட்டலில் நிற்க இடமிருக்காது, எனக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. ஆனால் ஒரு விடிகாலை, வேலைக்குப் போகும் வழியில், அந்தப் போட்டிக்கு வந்த நாலைந்து பையன்கள் பலகை மாட்டி, பயிற்சி ஆடையோடு வெறும் நீலப் பாதையில் இறங்குவதைப் பார்த்தேன். என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்தால் உள்பலகையைத் தூக்கிக்கொண்டு, கைக்கோலைத் தட்டுப்போல் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்குகிறார்கள். எனக்குக் கிழவி கொடுத்த அதே பாடம். பண்டாரவளை அம்மாவின் மகன் தொலைக்காட்சியில் பார்த்துப் பயப்படுவது அந்த இரண்டரை நிமிடத்தை. பேத்திக்குக் கிடைக்கப்போவது இந்த விடிகாலை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முழங்கால் பிசகும், பெருவிரல் போகும், தலையில் அடிபடும். ஹெல்மெட் இல்லாமல் அனுப்பவே கூடாது. வாடகைக் கடையில் சப்பாத்துப் பூட்டை அளந்து வைப்பார்கள், விழும்போது பலகை காலிலிருந்து கழன்றுவிட வேண்டும் என்பதற்காக. நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், எவ்வளவு தெரியும் என்று கேட்டுத்தான் வைப்பார்கள். பெருமைக்காக நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் பூட்டை இறுக்கிவிடுவார்கள். விழும்போது கழலாது, திருகுவது முழங்கால். அங்கே பொய் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். சர்வதேச ஸ்கீச் சம்மேளனம் வகுத்த பத்து விதிகளும் இருக்கின்றன. அவற்றில் முன்னால் போகிறவருக்கே வழி, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும் என்பது ஒன்று. நடுப்பாதையில் நிற்காதே, ஓரத்தில் நில் என்பது இன்னொன்று. ஹற்றன் பஸ் நிலையத்தில் இந்த இரண்டையும் எழுதி ஒட்டலாம்.

விழுவதில் பாதி பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் நடந்தது, என் அனுபவத்தில். கால் களைத்திருக்கும், வெயில் சாய்ந்து பனியின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, இன்னும் ஒரே ஒரு முறை என்று மனம் சொல்லும். கடைசி இறக்கத்தைக் கடைசி என்று முன்கூட்டிச் சொல்லாதே என்பது கிழவியின் மூடநம்பிக்கை. நான் அதை இன்றும் கடைப்பிடிக்கிறேன், சைக்கிளில்.

இன்னும் முகாமுக்கு நாள் இருக்கிறது என்றால் வீட்டிலேயே சில வேலைகள் செய்யலாம். பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, மேல் பல்லுக்கு ஒரு கால், கீழ்ப் பல்லுக்கு மறு கால். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்வதுபோல் அரை நிமிடம். தரையில் ஒரு கோடு போட்டு இரண்டு காலையும் சேர்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குதிப்பது. மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி, கீழ்க்காலுக்குப் பாரம் கொடுத்து இறங்குவது. கடைசியில் சொன்னதைப் பண்டாரவளை அம்மா போனில் சொல்லிக் கொடுக்கலாம். மலைநாட்டில் இத்தனை வருடம் நடந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது.

என் கடைக்கு வரும் பையன்களுக்கு இப்போது நான் சைக்கிளில் கையுறை வரிசை வைக்கிறேன். கையுறைக்குப் பதில் கல். தோட்டப் பாடசாலைக்குப் போகும் பாதையில் சின்ன இறக்கம் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நின்று காட்டினால்தான் பிரேக் கேபிள் மாற்றியதற்குக் காசு குறைப்பேன். போன கிழமை ஒருவன் ஐந்தில் நாலு கல்லில் நின்றான். ஐந்தாவது கல் என் கால்.

பண்டாரவளை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். மகன் கையெழுத்துப் போட்டால், பேத்தியின் பையில் கையுறை இரண்டு ஜோடி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கையில் போட. மற்றது பனியில் வைத்து அதற்கு முன்னால் நிற்க.

இப்படிக்கு,
முன்னாள் சூப்புக்காரர், இந்நாள் சைக்கிள் கடைக்காரர்,
தலவாக்கலை.